கம்பத்தில் ஒன்று, குமுளியில் ஒன்று: இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களை இருவழியில் இணைக்க முழு வழிகாட்டி

எல்லையின் இரண்டு பக்கமும் கடை வைத்திருக்கும் வியாபாரிகள் நம் வட்டாரத்தில் நிறைய. குமுளியில் ஏலக்காய் கொள்முதல், கம்பத்தில் குடோனும் தலைமைக் கணக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் லோயர் கேம்ப் தாண்டினால் மலைச்சாலை, காடு. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி. இடி இறங்கினால் மேலே நெட் போகும், சில நாள் கரண்டும் சேர்ந்தே போகும். பில் போடும் மென்பொருள் கம்பத்துச் சர்வரை மட்டும் நம்பி ஓடினால், அந்த நேரத்தில் குமுளிக் கல்லாவில் ஆள் காத்திருக்க, கணக்கப்பிள்ளை துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பிப்பார். ராத்திரி அதையெல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

இதற்கான வழி இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு சர்வர். அவரவர் தங்கள் சர்வரில் எழுதுவார்கள். இணைப்பு இருக்கும்போது இங்கே எழுதியது அங்கே போகும், அங்கே எழுதியது இங்கே வரும். இதுதான் இருவழி ரெப்ளிகேஷன். இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொண்டது 2024-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.4 என்ற டேட்டாபேஸ் மென்பொருள், உபுண்டு லினக்ஸின் மேல். அதிலிருந்து பிரிந்த மரியாடிபி வைத்திருப்பவர்களுக்கும் யோசனை இதேதான், ஆனால் அதன் ஜிடிஐடி (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சர்வர் போடும் தனி எண்) வேறு மாதிரி. இரண்டையும் கலந்து இணைக்கப் பார்க்காதீர்கள்.

கட்டளைகள், அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு. கம்பத்துச் சர்வரை 'கீழே' என்றும் குமுளிச் சர்வரை 'மேலே' என்றும் சொல்கிறேன். கடைகளில் பேசுவதும் அப்படித்தான்: "மேல சரக்கு ஏறிடுச்சாண்ணே?"

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

பலருக்குத் தேவைப்படாது. மேலே உள்ளவர் கணக்கைப் பார்த்தால் மட்டும் போதும், எழுத வேண்டாம் என்றால் ஒருவழி ரெப்ளிகேஷன் போதும். அதில் சண்டை வர வழியே இல்லை. இரண்டு பக்கமும் நல்ல இணைப்பு, கூடவே 4ஜி மாற்று இணைப்பும் இருக்கிறது என்றால் ஒரே சர்வரை வெளியே வாடகைக்கு எடுத்து இருவரும் அதில் எழுதலாம். வேகம் கூட்டத்தான் இரண்டு சர்வர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு எழுத்து வேலையும் இரண்டு சர்வரிலும் ஒருமுறை நடந்தே ஆக வேண்டும், அதனால் எழுதும் சுமை குறையாது.

பல சர்வர்களை ஒன்றாகச் சேர்க்கும் கேலெரா, குரூப் ரெப்ளிகேஷன் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை பெரும்பான்மை வாக்கில் ஓடுபவை; குறைந்தது மூன்று சர்வர் வேண்டும். இரண்டு மட்டும் வைத்து நடுவில் இணைப்பு அறுந்தால், பெரும்பான்மை கிடைக்காமல் இரண்டுமே எழுத மறுத்துவிடும். இணைப்பு அறுந்தாலும் கடை ஓட வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்? நமக்கு அது சரிப்படாது. ஆகவே பழைய முறை: ஒன்றுக்கொன்று மூலமாகவும் நகலாகவும் இருக்கும் இரண்டு சர்வர்கள், காத்திருக்காமல் எழுதிவிட்டுப் பிறகு அனுப்பும் ஏற்பாடு.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பைனரி லாக் என்ற கோப்பில் வரிசையாகப் பதிவாகிறது. எதிர்ப் பக்கத்தில் ஒரு த்ரெட் (சர்வருக்குள் தனியாக ஓடும் வேலை) அதை இழுத்து வந்து ரிலே லாக் என்று தன் வட்டில் வைக்கும்; இன்னொரு த்ரெட் அதைப் படித்துத் தன் டேபிள்களில் செய்யும். இருவழி என்றால் இதே ஏற்பாட்டை எதிர்த் திசையிலும் ஒருமுறை போடுவது. அவ்வளவுதான், வேறு மாயம் கிடையாது.

கீழே எழுதியது மேலே போய், மேலேயிருந்து திரும்பக் கீழே வந்து, சுற்றிக்கொண்டே இருக்காதா? இருக்காது. ஒவ்வொரு பதிவிலும் அது பிறந்த சர்வரின் ஐடி ஒட்டியிருக்கும். தன் ஐடியுடன் வரும் பதிவைச் சர்வர் தூக்கிப் போட்டுவிடும். ஜிடிஐடி போட்டிருந்தால் இன்னும் கெட்டி: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு எண் உண்டு. ஒருமுறை செய்த எண்ணை அந்தச் சர்வர் மறுமுறை செய்யாது.

எந்த வரி யாருக்குச் சொந்தம்

அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டியது பத்து வரிகூட வராது. இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் இப்போது சொல்லப்போகும் விஷயத்தில்தான். சர்வரைத் தொடுவதற்கு முன் முதலாளியையும் இரண்டு ஊர்க் கணக்கர்களையும் உட்கார வைத்துப் பேசி முடிக்க வேண்டியது இது.

இந்த வகை ரெப்ளிகேஷனில் மோதலைக் கண்டுபிடிக்கும் ஆள் யாரும் இல்லை. ஒரு உதாரணம். 8 மில்லிமீட்டர் போல்டு ரக ஏலக்காய் இருப்பு 100 கிலோ என்று ஸ்டாக் டேபிளில் ஒரு வரி இருக்கிறது. இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் கீழே 60 கிலோ விற்றார்கள். வரி 40 ஆனது. அதே நேரம் மேலே 40 கிலோ விற்றார்கள். அங்கே வரி 60 ஆனது. இணைப்பு திரும்பியது. கீழே எழுதிய 40 மேலே போகிறது, மேலே எழுதிய 60 கீழே வருகிறது. இப்போது கீழே 60, மேலே 40. உண்மையில் இருப்பு பூஜ்யம். இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகின்றன, இரண்டும் தப்பு. இதில் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் பயங்கரம். ரெப்ளிகேஷன் அந்த வரியைப் பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) வைத்துத் தேடுகிறது, கிடைக்கிறது, புது மதிப்பை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பழைய மதிப்பு என்னவாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நிலைத் திரையில் எல்லாம் நலம் என்றே காட்டும்.

ஆகவே, இருப்பை ஒரே வரியில் வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விட வேண்டும். வரவு, செலவு என்று ஒவ்வொரு அசைவையும் புது வரியாகப் போடுங்கள். இருப்பு வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம். புது வரிகள் மோதுவதில்லை. இணைப்பு அறுந்திருந்தால் எதிர்ப் பக்கத்து வரிகள் வந்து சேரும் வரை கூட்டல் கொஞ்சம் பழையதாக இருக்கும், வந்ததும் சரியாகிவிடும். குமுளியிலிருந்து கம்பத்துக்குச் சரக்கு இறங்கினால் மேலே உள்ளவர் 'அனுப்பினேன்' என்று ஒரு வரி, கீழே உள்ளவர் 'வந்தது' என்று ஒரு வரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியில் இருக்கும் சரக்கு. இதைப் பார்த்தபிறகு சில முதலாளிகளுக்கு ரெப்ளிகேஷனைவிட இந்தக் கணக்குதான் பிடித்துப்போகிறது.

திருத்தியே ஆக வேண்டிய டேபிள்கள் சில இருக்கும்: வாடிக்கையாளர் விவரம், விலைப் பட்டியல், ஜிஎஸ்டி விகிதம். இவற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொந்தக்காரக் கிளை. விலையைக் கீழேதான் மாற்றலாம். மேலே சேர்த்த விவசாயியின் வங்கி எண்ணை மேலேதான் திருத்தலாம். கிளைக் குறி என்று ஒரு நெடுவரிசை வைத்து, மென்பொருளிலேயே இதைப் பூட்டிவிடுங்கள். வாய்மொழி ஒப்பந்தம் சீசன் நேரத்தில் நிற்காது.

வரியை அழிப்பதையும் நிறுத்திவிடுவது நல்லது. கீழே ஒரு வாடிக்கையாளரை அழிக்கும் அதே நேரத்தில் மேலே அவருக்குப் பில் போட்டால், இணைப்பு வந்ததும் ஃபாரின் கீ (பில் சுட்டும் வாடிக்கையாளர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு) பிழையில் ரெப்ளிகேஷன் நின்றுவிடும். 'செயலில் இல்லை' என்று குறி வைத்தால் போதும்.

பில் எண்ணை ஐடியோடு கலக்காதீர்கள்

எல்லை கடந்த வியாபாரத்தில் இது தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. கம்பத்துக் கடையின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், குமுளிக் கடையுடையது 32-இல். ஒரே பான் எண்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். கிளைக்குக் கிளை சரக்கு மாற்றினாலே பில் போட வேண்டும். பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், தொடர் வரிசையாக, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும் என்பது விதி.

டேட்டாபேஸ் தானாகப் போடும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண் தொடர் வரிசையாக இருக்கும் என்று எப்போதும் உத்தரவாதம் கிடையாது. பரிவர்த்தனை பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலே ஓட்டை விழும். இருவழியில் இடைவெளி விட்டே எண் போடப் போகிறோம். அதனால் பில் எண்ணுக்குத் தனியாக ஒரு டேபிள்: கிளைக்கு ஒரு வரி, அதில் கடைசி எண். பில் போடும் பரிவர்த்தனைக்குள் அந்த வரியைப் பூட்டி, ஒன்று கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளவர் குமுளி வரியை மட்டும் தொடுவார். எண் 'கேஎம்/26-27/00417' என்ற தோரணையில் இருந்தால் 14 எழுத்தில் முடிந்துவிடும்.

படி 1: இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு சுரங்கம்

மைஎஸ்க்யூஎல் பேசும் 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள். லினக்ஸ் கெர்னலிலேயே 2020 முதல் இருக்கிறது, எடை குறைவு, இணைப்பு அறுந்து வந்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

ஒரு சிக்கல்: நம் ஊர் பிராட்பேண்டிலும் 4ஜி-யிலும் பெரும்பாலும் தனி பொது ஐபி கிடைக்காது, ஒரே ஐபி-க்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்காவது நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சின்ன வாடகைச் சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதற்கு இணைவது போலச் செய்யலாம். பொது ஐபி இல்லாத பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி என்று வைக்க மறக்க வேண்டாம்.

சுரங்கத்துக்குள் கீழே 10.50.0.33, மேலே 10.50.0.32 என்று முகவரி கொடுக்கலாம். மாநிலக் குறி எண்ணையே வைத்துக்கொண்டால் பிறகு எந்த லாக்கைப் பார்த்தாலும் எது எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியதில்லை.

படி 2: டேபிள்களைச் சோதியுங்கள்

எல்லா டேபிளும் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருக்க வேண்டும். பழைய கணக்கு மென்பொருள்களில் மைஐசாம் டேபிள்கள் இன்னும் ஒளிந்திருக்கும், மாற்றிவிடுங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எழுத்துக் குறியீட்டு வகை யுடிஎஃப்8எம்பி4.

மேலே மலையாளத்தில் பெயர் அடிப்பவர் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். மலையாளச் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு யூனிகோட் 5.1-இல், 2008-இல்தான் வந்தது. பழைய விசைப்பலகையில் அடித்த பெயரும் புதியதில் அடித்ததும் திரையில் ஒரே மாதிரி தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. பெயரை வைத்துத் தேடும், ஒப்பிடும் வேலை எதையும் நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள்.

படி 3: அமைப்புக் கோப்பு

இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டியவை:

ஜிடிஐடி_மோட் = ஆன்
என்ஃபோர்ஸ்_ஜிடிஐடி_கன்சிஸ்டன்சி = ஆன்
ஆட்டோ_இன்கிரிமென்ட்_இன்கிரிமென்ட் = 10

கீழே மட்டும்: சர்வர்_ஐடி = 33, ஆட்டோ_இன்கிரிமென்ட்_ஆஃப்செட் = 3.
மேலே மட்டும்: சர்வர்_ஐடி = 32, ஆட்டோ_இன்கிரிமென்ட்_ஆஃப்செட் = 2.

இப்படி வைத்தால் கீழே பிறக்கும் ஐடி எல்லாம் 3-இல் முடியும், மேலே பிறப்பவை 2-இல். இரண்டும் ஒருநாளும் மோதாது. இரண்டு சர்வர்தானே, 2 விட்டு 2 எண்ணலாமே என்று கேட்கலாம். பல வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் போடியில் மூன்றாவது கடை திறந்தால் அப்போது திண்டாட்டம். 10 என்று வைத்தால் 4-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். எண் வீணாகிறதே என்ற கவலை வேண்டாம். சாதாரண இன்ட் வகையே 214 கோடி வரை போகும், பத்தில் ஒன்றை எடுத்தாலும் ஒரு கிளைக்கு 21 கோடி வரிகள்.

பைனரி லாக், வரி அடிப்படையிலான பதிவு, வந்ததையும் தன் லாக்கில் எழுதுவது ஆகிய மூன்றும் 8.4-இல் முன்னிருப்பாகவே இயங்கும். பைனரி லாக் 30 நாள் வைத்திருக்கும். மேலே சர்வர் பழுதாகி ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்று அர்த்தம். வட்டில் இடம் இருந்தால் பின்லாக்_எக்ஸ்பயர்_லாக்ஸ்_செகண்ட்ஸை 60 நாளுக்கு, அதாவது 5184000-க்கு உயர்த்துங்கள்.

பைண்ட்_அட்ரஸில் 127.0.0.1, அந்தந்தச் சுரங்க முகவரி, கடையின் உள் நெட்வொர்க் முகவரி ஆகியவற்றைக் காற்புள்ளியிட்டுக் கொடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் போய் வந்து மெஷின் கிளம்பும்போது, வயர்கார்டு எழுவதற்கு முன் மைஎஸ்க்யூஎல் எழுந்தால் அந்த முகவரி இன்னும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். காலையில் கடை திறப்பவருக்கு 'சர்வர் வேலை செய்யல' என்பது மட்டும்தான் தெரியும். மைஎஸ்க்யூஎல் சர்வீஸ், வயர்கார்டு சர்வீஸுக்குப் பிறகு கிளம்பும்படி சிஸ்டம்டி-யில் (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் பகுதி) ஆஃப்டர் வரி சேர்த்துவிடுங்கள்.

மெஷினை அப்படியே குளோன் செய்து மேலே கொண்டுபோனவர்கள், டேட்டா டைரக்டரியில் உள்ள ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை அழித்துவிட்டு மறுபடி கிளப்ப வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே சர்வர் யுயுஐடி (சர்வர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம்) இருக்கும், ரெப்ளிகேஷன் கிளம்பாது.

படி 4: ரெப்ளிகேஷன் பயனர்

இரண்டு பக்கமும் ரெப்ளிகேஷன் ஸ்லேவ் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனர். கீழே உள்ளவருக்கு 10.50.0.32-இலிருந்து மட்டும் அனுமதி, மேலே உள்ளவருக்கு 10.50.0.33-இலிருந்து மட்டும். பயனரை உருவாக்கும் முன் அந்த செஷனில் எஸ்க்யூஎல்_லாக்_பின் = 0 என்று போட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் பயனரை உருவாக்கிய கட்டளையும் பைனரி லாக்கில் ஏறி, இணைத்ததும் எதிர்ப் பக்கம் போகலாம். அங்கே நம் பயனரோடு மோதலாம், தேவையில்லாத உரிமையை உருவாக்கலாம்.

படி 5: முதல் நகல்

டேட்டா இப்போது கீழே மட்டும் இருக்கிறது என்று கொள்வோம். மேலே உள்ள சர்வர் புதுசு. கீழே மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியால் டம்ப் (டேட்டாவின் நகல் கோப்பு) எடுங்கள்: சிங்கிள் டிரான்ஸாக்ஷன், செட் ஜிடிஐடி பர்ஜ்ட் ஆன், டிரிகர்ஸ், ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் எல்லாவற்றோடும். எந்தெந்த டேட்டாபேஸ் என்று பெயர் சொல்லி எடுங்கள். சிஸ்டம் டேட்டாபேஸையும் சேர்த்துக்கொண்டு போனால் பயனர் பட்டியல் குழம்பும்.

கோப்பு பெரிதாக இருந்தால் நெட்டில் ஏற்றி மல்லுக்கட்ட வேண்டாம். ஹார்ட் டிஸ்கில் போட்டுக் குமுளி பஸ்ஸில் ஏறிவிடுங்கள்; அதுதான் வேகம். காலையில் எடுத்த டம்ப் மேலே ஏறி முடிய ராத்திரி ஆனாலும் கவலை இல்லை. எந்த எண் வரை உள்ளே இருக்கிறது என்று டம்ப்பிலேயே எழுதியிருக்கும், மிச்சத்தை இணைத்ததும் இழுத்துக்கொள்ளும்.

மேலே ஏற்றுவதற்கு முன் ரீசெட் பைனரி லாக்ஸ் அண்ட் ஜிடிஐடிஸ் என்ற கட்டளை. 8.4-க்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு ரீசெட் மாஸ்டர் என்று பெயர். இது மேலே உள்ள புதுச் சர்வரில் மட்டும். பழக்க தோஷத்தில் கீழே அடித்துவிட்டால் பைனரி லாக் மொத்தமும் போய்விடும். எந்தத் திரையில் இருக்கிறோம் என்று இருமுறை பாருங்கள். டம்ப் ஏறி முடிந்ததும் மேலே சூப்பர்_ரீட்_ஒன்லி ஆன் செய்யுங்கள். ரெப்ளிகேஷன் எழுத இது தடையில்லை. மனிதர்கள் எழுதத்தான் தடை.

படி 6: முதல் திசை, பிறகு மறு திசை

மேலே உட்கார்ந்து சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸ் டு கட்டளை. அதில் சோர்ஸ்_ஹோஸ்ட் 10.50.0.33, பயனர், கடவுச்சொல், சோர்ஸ்_ஆட்டோ_பொசிஷன் = 1, கெட்_சோர்ஸ்_பப்ளிக்_கீ = 1. கடைசியில் சொன்னதை விட்டால் 8-ஆம் பதிப்பு முதல் வரும் புதிய கடவுச்சொல் முறையில் இணைப்பு மறுக்கப்பட்டு, கடவுச்சொல்தான் தப்போ என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சோர்ஸ்_கனெக்ட்_ரிட்ரை = 30, சோர்ஸ்_ரிட்ரை_கவுன்ட் = 86400 என்பதையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் எத்தனை முறை முயன்றுவிட்டுக் கைவிட வேண்டும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. மழைக்காலத்தில் நமக்கு அரை நாள் அறுந்தாலும் விடாமல் முயல வேண்டும்.

ஸ்டார்ட் ரெப்ளிகா. பிறகு ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ். ரெப்ளிகா_ஐஓ_ரன்னிங், ரெப்ளிகா_எஸ்க்யூஎல்_ரன்னிங் இரண்டும் 'எஸ்' (ஆம்) என்று வர வேண்டும். கீழே உள்ளதை எட்டிப்பிடித்ததும் இதே கட்டளையைக் கீழே உட்கார்ந்து, ஹோஸ்டை 10.50.0.32 என்று மாற்றிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் எஸ், எஸ் வந்தால் மேலே சூப்பர்_ரீட்_ஒன்லியோடு ரீட்_ஒன்லியையும் ஆஃப் செய்யுங்கள். முதலாவதை ஆன் செய்தபோது இரண்டாவதும் தானாக ஆன் ஆகியிருக்கும். ஆஃப் செய்யும்போது தானாக ஆஃப் ஆகாது.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் சேஞ்ச் மாஸ்டர், ஸ்டார்ட் ஸ்லேவ் என்று இருக்கும். அவை 8.4-இல் நீக்கப்பட்டுவிட்டன, அடித்தால் இலக்கணப் பிழை என்று சொல்லும்.

படி 7: கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

இரண்டு பக்கமும் ஒரு வரி எழுதி எதிர்ப் பக்கம் வருகிறதா என்று பார்ப்பது போதாது. கடை மூடிய பிறகு, வயர்கார்டை இரண்டு பக்கமும் இறக்குங்கள். கீழே சில பில், மேலே சில பில் போடுங்கள். முடிந்தால் ஒரு பக்கத்து மெஷினை பவர் பட்டனில் அணைத்து எழுப்புங்கள். அப்புறம் சுரங்கத்தை எழுப்பி, கை வைக்காமல் காத்திருங்கள். எதுவும் செய்யாமலே இரண்டு பக்கமும் ஒன்றானால் ஏற்பாடு சரி.

சுரங்கத்தை இறக்கிய உடனே நிலைத் திரையைப் பார்த்தால் இன்னும் எல்லாம் நலம் என்றுதான் இருக்கும். எதிர்ப் பக்கம் பேசவில்லை என்று அது உணர முன்னிருப்பாக 60 நொடி ஆகும். செகண்ட்ஸ்_பிஹைண்ட்_சோர்ஸ் என்ற எண்ணையும் அளவோடு நம்புங்கள். அது கைக்கு வந்துவிட்ட பதிவுகளை வைத்துச் சொல்லும் கணக்கு. வராமல் மலையடிவாரத்தில் நிற்பதைப் பற்றி அதற்குத் தெரியாது.

நம்பத் தகுந்தது நாமே வைக்கும் துடிப்பு. ஒரு சின்ன டேபிளில் கிளைக்கு ஒரு வரி. ஒவ்வொரு சர்வரும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் வரியில் நேரத்தை எழுதட்டும். எதிர்ப் பக்கத்து வரியின் நேரம் 10 நிமிடத்துக்கு மேல் பழசானால் டெலிகிராமில் ஒரு செய்தி. இதை கிரானில் (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) போடுங்கள். மைஎஸ்க்யூஎல்-இன் சொந்த ஈவென்ட்டில் போட்டால், கீழே உருவாக்கிய ஈவென்ட் மேலே முடக்கப்பட்ட நிலையில்தான் போய்ச் சேரும். ஏன் மேலே ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். துடிப்போடு, ராத்திரி கடை மூடியபின் அன்றைய பில்களின் எண்ணிக்கையையும் எடை மொத்தத்தையும் கிளைவாரியாக இரண்டு சர்வரிலும் கூட்டி ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்டும் வேண்டும். சத்தமில்லாத தப்பு அதில்தான் மாட்டும்.

நின்றுவிட்டால்

அதிகம் வருவது பிழை எண் 1062, அதாவது ஒரே மதிப்பு இருமுறை. இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரே விவசாயி கீழேயும் வந்தார், மேலேயும் போனார். இரண்டு இடத்திலும் அவரைப் புதுசாகச் சேர்த்தார்கள். கீழே ஐடி 4823, மேலே 4832, போன் எண் ஒன்றுதான். போன் எண்ணில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு வரியில் வரவிடாத பூட்டு) இருக்கிறது. இணைப்பு வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நிற்கும்.

இதற்கு இணையம் முழுக்கக் கிடைக்கும் மருந்து, அந்தப் பரிவர்த்தனையைத் தாண்டிப் போ என்பது. ஜிடிஐடி உள்ள இடத்தில் அதே எண்ணில் வெற்றுப் பரிவர்த்தனை ஒன்றைப் போட்டுத் தாண்டலாம் என்பது உண்மைதான். ஆனால் தாண்டினால் கீழே 4832 என்ற ஆளே இருக்க மாட்டார். அவருக்கு மேலே போட்ட பில்கள் அடுத்து வந்து ஃபாரின் கீயில் முட்டும். அதையும் தாண்டு, இதையும் தாண்டு என்று போனால் முடிவே இல்லை. பிழைகளை மொத்தமாக மறைக்கும் ரெப்ளிகா_ஸ்கிப்_எர்ரர்ஸை ஆல் என்று வைப்பவர்களோடு பேசிப் பயனில்லை.

செய்ய வேண்டியது: இரண்டு பக்கமும் எஸ்க்யூஎல்_லாக்_பின் = 0 போட்டு அந்த யூனிக் இண்டெக்ஸை எடுத்துவிடுங்கள்; ஸ்டார்ட் ரெப்ளிகா. இரண்டு வரிகளும் இரண்டு பக்கமும் வந்து சேரும், பில்களும் பின்னாலேயே வரும். பிறகு கணக்கர் பார்த்து, ஒருவரை இன்னொருவரோடு சேர்க்கட்டும். இண்டெக்ஸைத் திரும்பப் போடும்போது கிளைக் குறியும் போன் எண்ணும் சேர்ந்தது யூனிக் என்று போடுங்கள்.

1032 வந்தால் திருத்த வேண்டிய வரியே அங்கே இல்லை என்று பொருள். அது எப்போதோ நடந்த வேறொரு தப்பின் வாசனை. ராத்திரி ஒப்பீட்டை எடுத்துவைத்து எந்த நாளிலிருந்து வித்தியாசம் என்று பாருங்கள்.

டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர் கட்டளைகளை இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில், கடை மூடிய பிறகு, ஒரே பக்கத்திலிருந்து கொடுங்கள். அது எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகே மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றுங்கள்.

ஒரு பக்கம் மொத்தமாகப் போய்விட்டால்

இருவழி ரெப்ளிகேஷன் பேக்அப் ஆகாது. கீழே தெரியாமல் ஒரு டேபிளை டிராப் செய்தால், அடுத்த நொடி மேலேயும் போய்விடும். ராத்திரி டம்ப் தனியாக, இரண்டு பக்கமும் வேண்டும். பைனரி லாக் கோப்புகளை மணிக்கொருமுறை வேறு வட்டில் நகல் எடுங்கள்.

இடியில் மேலே உள்ள மெஷின் வட்டோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புது மெஷினில் சுரங்கத்தைப் போட்டுவிட்டு, படி 3 முதல் திரும்பச் செய்யுங்கள். சர்வர்_ஐடி 32, ஆஃப்செட் 2 மாறக் கூடாது. கீழேயிருந்து எடுக்கும் டம்ப்பில் மேலே எழுதியவையும் இருக்கும், இணைப்பு அறுவதற்கு முன் வந்தவை வரை. அறுந்ததற்கும் வட்டு போனதற்கும் இடையே போட்ட பில்கள் இருக்காது. வேறு வட்டில் வைத்த பைனரி லாக் நகல் பிழைத்திருந்தால், விட்டுப்போனவற்றை அதிலிருந்து மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால் எடுக்கலாம். அதுவும் போயிருந்தால் அச்சிட்ட பில் நகல்கள்தான்.

இந்த நிலையில் கடையைத் திறக்கும் முன் ஒன்று செய்ய வேண்டும். பில் எண் டேபிளில் குமுளி வரி பழைய எண்ணில் நிற்கும். அப்படியே திறந்தால், வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் பில் எண்ணே திரும்ப அச்சாகும். கடைசியாக அச்சான பில் நகலைத் தேடி எடுத்து, சூப்பர்_ரீட்_ஒன்லி, ரீட்_ஒன்லி இரண்டையும் ஆஃப் செய்தபின், அதில் உள்ள எண்ணை வரியில் எழுதுங்கள். விட்டுப்போன பில்களைக் கைப்பதிவாக, அவற்றின் பழைய எண்ணிலேயே ஏற்றுங்கள். அதன் பிறகே கல்லாவை விடுங்கள்.